சொந்தக் கணினியும் மேகக் கணிமையும்

தோற்றுவாய்

நம் கல்லூரியின் யூபிலி மலருக்கு வேண்டிய பழைய குறிப்புகளையும் நிழற்படங்களையும் திரட்டும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டபோது, பழையன கிடைத்தல் அரிது, புதியன கிடைத்தல் எளிது என்றே யாம் எண்ணியிருந்தோம். நிகழ்ந்ததோ அதற்கு மறுதலையாயிற்று. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் அச்சிடப்பெற்ற கல்லூரி மலர்கள் மூன்று இல்லங்களின் அலுமாரிகளிலிருந்து வெளிவந்தன. ஓரங்களைக் கறையான் அரித்திருந்தது, தாள் பழுப்பேறியிருந்தது, எனினும் அவற்றை முதலிலிருந்து முடிவுவரை வாசித்தல் எளிதாகவே இருந்தது.

அதன்பின் 1990களின் இறுதியிற் கணினியில் எழுத்துக்கோத்த மலரொன்றின் நெகிழ்தட்டுகள் ஒரு பெட்டியிற் கிடைத்தன. அவற்றை வாசிக்கும் கருவியைத் தேடிப் பெறுதற்கே இரு வாரங்கள் சென்றன. பெற்ற பின்னரும் சில தட்டுகள் திறக்கவில்லை. திறந்தவற்றுள் இருந்த தமிழ், 'பாமினி' எழுத்துருவில் அமைந்ததாகலின், அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் காட்சியளித்தது.

இறுதியாக அண்மைக்காலப் படங்களைத் தேடினோம். கடந்த பதினைந்து ஆண்டுகளின் விழாக்கள், விளையாட்டுப் போட்டிகள், பரிசளிப்புகள் ஆகியவற்றின் படங்களையெல்லாம் சங்கத்தின் முன்னைநாட் செயலாளர் ஒருவர் மிக ஒழுங்காகத் தொகுத்து, இணையத்தின் வழியே தம் பெயரிலமைந்த சேமிப்புக் கணக்கொன்றில் வைத்திருந்தார். அவர் காலமாகி மூன்று ஆண்டுகளாகின்றன. கடவுச்சொல்லை அறிந்தார் எவருமிலர். அக்கணக்கு இன்னும் உளதோ, அழிக்கப்பட்டதோ என்பதைத்தானும் அறிய இயலவில்லை. அவர்தம் துணைவியார், "எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், தம்பிமார்" என்று கூறியபோது, மறுமொழியாகக் கூற எமக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இவ்வனுபவமே இக்கட்டுரைக்குக் காரணம். நம் எழுத்துகளையும் படங்களையும் சொந்தக் கணினியில் வைத்தல் நன்றா, பிறர் நடத்தும் மேகத்தில் வைத்தல் நன்றா என்னும் வினா இன்று ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒவ்வொரு சங்கத்துக்கும் உரியதாயிற்று. இவ்விரு முறைகளும் தோன்றிய வரலாற்றையும், அவற்றின் நன்மை தீமைகளையும், நாம் கைக்கொள்ளத்தக்க வழியையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

மேகம் எனப்படுவது யாது?

'மேகக் கணிமை' என்னும் பெயரைக் கேட்போர் சிலர், தம் படங்களும் கடிதங்களும் வானில் எங்கோ மிதப்பனவாக எண்ணுவர். அஃது அவ்வாறன்று. வலையமைப்புப் பொறியியலாளர் தம் வரைபடங்களில், உள்ளமைப்பை விரித்துக் காட்ட வேண்டாத பகுதியை மேகம் போன்றதொரு வடிவினாற் குறித்தனர். அவ்வழக்கினின்றே இப்பெயர் பிறந்தது. உண்மையில் மேகம் என்பது நிலத்தின்மேல் நிற்கும் கட்டடமே. அங்கு ஆயிரக்கணக்கான கணினிகள் இரும்புச் சட்டங்களில் அடுக்கப்பட்டு இரவு பகலாக இயங்குகின்றன. அவற்றுக்கு மின்சாரம் வேண்டும். வெம்மையைத் தணிக்கக் குளிரூட்டிகள் வேண்டும். மின்சாரம் தடைப்படுங்கால் உதவ மின்கலங்களும் மின்பிறப்பாக்கிகளும் வேண்டும். இவற்றையெல்லாம் பேண ஆட்களும் வேண்டும். நம் ஊரில் ஒருவர் தம் கைத்தொலைபேசியிலிருந்து ஒரு படத்தை மேகத்துக்கு ஏற்றும்போது, அப்படம் கடலடி வடத்தின் வழியே சென்று, சிங்கப்பூரிலோ மும்பாயிலோ வேறு நாடொன்றிலோ உள்ள அத்தகைய கட்டடத்திற் பதிவாகின்றது. சுருங்கக் கூறின், மேகம் என்பது பிறருடைய கணினியே.

ஐக்கிய அமெரிக்காவின் நியமங்களுக்கும் தொழினுட்பத்துக்குமான தேசிய நிறுவகம் 2011 ஆம் ஆண்டில் இதற்கோர் இலக்கணம் வகுத்தது. அதன்படி மேகச் சேவை மூவகைப்படும். கணிக்கும் ஆற்றலையும் சேமிப்பிடத்தையும் மட்டும் வாடகைக்குத் தருதல் ஒன்று. மென்பொருள் ஆக்குவோர்க்கு வேண்டிய தளத்தையும் சேர்த்துத் தருதல் மற்றொன்று. முடிந்த மென்பொருளையே பயன்படுத்தத் தருதல் பிறிதொன்று. முதலாவது வெறுங்காணியைக் குத்தகைக்கு எடுத்தல் போன்றது. இரண்டாவது கட்டிய வீட்டை வாடகைக்கு எடுத்தல் போன்றது. மூன்றாவது சாப்பாட்டுக்கடையிற் சென்று உண்டு மீளல் போன்றது. நாம் நாள்தோறும் பயன்படுத்தும் மின்னஞ்சலும் படச் சேமிப்பும் மூன்றாம் வகையின.

பொதுக் கணினியிலிருந்து தனிக் கணினிக்கு

பிறர் கணினியைப் பயன்படுத்துதல் இன்று தோன்றிய வழக்கமன்று. 1950களிற் கணினி என்பது ஓர் அறை முழுவதையும் நிரப்பும் பொறி. பல்கலைக்கழகங்களும் பெருங் கம்பனிகளும் அரசாங்கங்களுமே அதனை வைத்திருத்தல் கூடும். கணக்கைத் துளையிட்ட அட்டைகளிற் பதிந்து கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கிற் சிலவேளை நாட்கணக்கிற் காத்திருத்தல் அக்கால வழக்கம். இக்குறையை நீக்கும்பொருட்டு, ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் தத்தம் முனையங்களிலிருந்து பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறை, 1961 ஆம் ஆண்டு மசாச்சுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பேர்னாண்டோ கோர்பாத்தோ தலைமையிற் செய்து காட்டப்பட்டது. அதே ஆண்டில் அந்நிறுவகத்தின் நூற்றாண்டு விழாவிற் பேசிய ஜோன் மக்கார்தி என்னும் அறிஞர், தொலைபேசிச் சேவை பொதுவாக வழங்கப்படுதல் போலக் கணிமையும் ஒருநாள் பொதுச் சேவையாக வழங்கப்படலாம் எனக் கருத்துத் தெரிவித்தார். இன்றைய மேகக் கணிமையின் வித்து அதுவே.

அவ்வித்து முளைத்து மரமாகுமுன்னர் காலம் வேறொரு வழியிற் சென்றது. 1971 ஆம் ஆண்டில் இன்ரெல் கம்பனி, கணினியின் மூளையாகிய பகுதியை ஒரு சிறு சில்லில் அடக்கி வெளியிட்டது. 1975 சனவரியில் 'அல்ரெயர் 8800' என்னும் சிறு கணினி அமெரிக்கச் சஞ்சிகையொன்றின் அட்டையில் இடம்பெற்றது. ஏறத்தாழ 400 டொலருக்கு உதிரிப் பாகங்களாக விற்கப்பட்ட அதனை வாங்குவோர் தாமே பொருத்திக்கொள்ளல் வேண்டும். அதன் நினைவகம் 256 பைற்றுகளே. இப்பந்தியின் சில சொற்களையே அது கொள்ளும். அக்கணினிக்கு மென்பொருள் எழுதும் முயற்சியிலேயே பில் கேற்ஸ், போல் அலன் ஆகிய இருவரும் மைக்ரோசொவ்ற் கம்பனியைத் தொடங்கினர். 1977 ஆம் ஆண்டில் அப்பிள் II உட்பட, பொருத்த வேண்டாத முழுக் கணினிகள் மூன்று சந்தைக்கு வந்தன. 1979 இல் வெளிவந்த 'விசிகல்க்' என்னும் விரிதாள் மென்பொருள், கணக்காளரும் வணிகரும் அக்கணினிகளை விரும்பி வாங்கக் காரணமாயிற்று.

1981 ஓகஸ்ட் 12 ஆம் நாள் ஐ.பி.எம். கம்பனி தனது தனிக் கணினியை 1,565 டொலரிலிருந்து விற்பனைக்கு விட்டது. அக்கணினி பிற கம்பனிகளின் பாகங்களைக் கொண்டு அமைந்தது. அதன் அமைப்பு விபரங்களும் வெளியிடப்பட்டன. ஆதலால் அதனை ஒத்த கணினிகளை வேறு பலரும் செய்யலாயினர்; விலை படிப்படியாக வீழ்ந்தது. அப்பிள் கம்பனியோ 1984 இல் மக்கின்ரொஷ் கணினியை வெளியிட்டு, பொறியையும் மென்பொருளையும் தானே செய்து ஒருங்கே விற்கும் வழியைப் பின்பற்றியது. 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராகிய லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்பதன் கருவை எழுதி, எவரும் பெற்றுத் திருத்தி வழங்குமாறு வெளியிட்டார். கணினி வாங்குவோர் தெரிவுசெய்யத்தக்க மூன்று நெறிகள் இங்ஙனம் அமைந்தன.

இம்மூன்றுக்கும் பொதுவான ஓரியல்பு உண்டு. கணினி மேசையின்மேல் இருந்தது. அதனுட் கோப்புகள் இருந்தன. ஒருமுறை விலைகொடுத்துப் பெற்ற மென்பொருள் அப்பொறி இயங்குங்காறும் உதவியது. நேற்று எழுதிய கடிதத்தை இன்று திறத்தற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மீண்டும் பொதுக் கணினிக்கு

இணையம் இந்நிலையை மாற்றியது. 1993 ஏப்ரல் 30 ஆம் நாள் உலகளாவிய வலையின் மென்பொருள் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு விடப்பட்டது. 1996 இல் 'ஹொட்மெயில்' தோன்றி, எக்கணினியிலிருந்தும் கடிதம் பார்க்கும் வசதியைத் தந்தது. 2004 ஏப்ரலில் கூகிள் கம்பனி ஜிமெயிலைத் தொடங்கி ஒவ்வொருவருக்கும் 1 கிகாபைற் இடம் அளித்தது. அக்காலத்திற் பிற சேவைகள் அளித்தவை 2 முதல் 4 மெகாபைற் வரையிலேயே இருந்தன. ஆதலின், கடிதங்களை அழித்து இடந்தேடும் வழக்கம் ஒழிந்து, யாவற்றையும் அங்கேயே விட்டுவைக்கும் வழக்கம் தோன்றியது.

2006 மார்ச்சில் அமேசன் கம்பனி தன் சேமிப்பிடத்தைக் கிகாபைற் ஒன்றுக்கு மாதம் 15 சதம் அமெரிக்க நாணயத்துக்கு வாடகைக்கு விட்டது. அவ்வாண்டு ஓகஸ்டிற் கணிக்கும் ஆற்றலை மணிக்கு 10 சதத்துக்கு விட்டது. பெரும் பணமின்றிச் சிறு நிறுவனமொன்றும் உலகிற்குச் சேவை வழங்க இதனால் இயன்றது. 2011 இல் வலைக்கென்றே அமைந்த 'குரோம்புக்' மடிக்கணினியும் அப்பிளின் 'ஐகிளவுட்' சேமிப்பும் வந்தன. 2013 இல் அடோபி கம்பனி தன் படத்தொகுப்பு மென்பொருட்களின் புதிய பதிப்புகளை இனிச் சந்தாவுக்கே தருவதாக அறிவித்தது. 2022 நவம்பரின் பின்னர் பரவிய உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் சேவைகளோ, பெரும்பாலும் மாபெருந் தரவு நிலையங்களை நம்பியே இயங்குகின்றன. அறுபதாண்டுகளின் முன் மக்கார்தி கூறியது இவ்வாறு மெய்யாயிற்று.

கிணறும் குழாயும்

இம்மாற்றத்தை நம்மூர் உவமையொன்றால் விளக்கலாம். வளவிற் கிணறு வைத்திருப்பவன் தானே இறைக்க வேண்டும். தானே கலக்கி இறைத்துத் தூர் எடுக்க வேண்டும். கயிறறுந்தாற் கயிறு வாங்க வேண்டும். குழாய்நீர் பெறுபவனுக்கு இவ்வேலைகள் இல்லை. திருகினால் நீர் வரும். ஆனால் வழங்குவோர் நிறுத்தினால் நின்றுவிடும். கட்டணத்தை அவர்களே விதிப்பர்.

குழாயின் நன்மைகளைக் குறைத்து மதித்தல் முறையன்று. நல்ல மேகச் சேவையில் ஒரு கோப்பின் படிகள் ஒன்றுக்கு மேற்பட்ட பொறிகளிலும், பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டடங்களிலும் வைக்கப்படுகின்றன. வன்தட்டு ஒன்று பழுதானால் உரியவர் அதனை அறிவதுமில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் பேரளவில் இடம்பெயர்ந்தபோது, கையிற் கொண்ட பொருளே பொருளாயிற்று. திருமணப் படங்களும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் வீடுகளிலேயே கிடந்து அழிந்தன. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோர இல்லங்களைக் கொண்டுசென்றபோதும் அவ்வாறே. தம்மிடமுள்ளவை கடல் கடந்த ஓரிடத்திலும் இருந்திருப்பின் எத்துணை நன்றாயிருந்திருக்கும் என எண்ணாத குடும்பம் நம்மிடையே சிலவே. அன்றியும், கனடாவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழும் பழைய மாணவர் ஒரே ஆவணத்தை ஒரே வேளையிற் பார்த்துத் திருத்துதல் மேகத்தாலேயே இயல்வதாயிற்று. இம்மலரின் கட்டுரைகளும் அவ்வாறே திருத்தப்பட்டன.

இரவற் பொருளின் இடர்கள்

எனினும் மேகத்தின் இடர்கள் நான்கினை மறத்தலாகாது.

முதலாவது, பணம். சந்தா என்பது வாடகை. கட்டுவதை நிறுத்தினால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். அவ்வாடகையும் பெரும்பாலும் டொலரிலேயே விதிக்கப்படுகின்றது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அவ்வாண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபா. மாதம் 10 டொலர் கட்டியவருக்கு 2,000 ரூபாவாக இருந்த செலவு, சேவையில் எம்மாற்றமும் இன்றியே 3,600 ரூபாவாயிற்று. கூகிள் கம்பனியும், முன்னர் அளவின்றி இலவசமாக வைக்க விட்ட படங்களை, 2021 யூன் முதலாம் நாள் தொடக்கம் 15 கிகாபைற் என்னும் பொது வரம்புக்குள் எண்ணத் தொடங்கியது. பிறர் இலவசமாகத் தருவதைப் பிறர் மாற்றவும் கூடும்.

இரண்டாவது, வழி. மின்சாரமும் இணைய இணைப்பும் இல்லாதபோது மேகம் எட்டாது. 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டும் நிகழ்ந்தது. 1990களிற் குடாநாட்டில் மின்சாரம் அற்றிருந்த ஆண்டுகளில் துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறையினர்க்கு, தொலைவிலிருந்து வரும் ஒன்றை மட்டும் நம்பியிருத்தலின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, அழிவு. மேகமும் நெருப்புக்கும் கள்வருக்கும் அப்பாற்பட்டதன்று. 2021 மார்ச் 10 ஆம் நாள் பிரான்சு நாட்டு ஸ்திராஸ்பூர்க் நகரில் ஐந்து மாடித் தரவு நிலையமொன்று எரிந்தழிந்தது. தம் தரவுக்கு வேறு படி வைத்திராதோர் அதனை இழந்தனர். 2023 இல் இலங்கை அரசின் மேகத்தைக் கப்பம் கோரும் தீநிரல் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையுள்ள கடிதங்கள் மீட்க இயலாதவாறு அழிந்தன; அக்காலப்பகுதிக்குத் தனியே ஒதுக்கிய படி இருக்கவில்லை. 2025 செப்டெம்பர் 26 ஆம் நாள் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசாங்கத் தரவு நிலையமொன்றில் மின்கலங்களிலிருந்து தீ மூண்டது. அரச அலுவலர் தம் கோப்புகளை வைத்திருந்த 858 ரெராபைற் கொண்ட சேமிப்பகம் முற்றாக ஒழிந்தது. அளவிற் பெரியதாகையால் அதற்கு வெளிப்படி வைக்கப்படவில்லை என விளக்கம் கூறப்பட்டது. தொழினுட்பத்தில் உலகின் முன்னணியில் நிற்கும் நாடொன்றிலேயே இது நிகழ்ந்தமை சிந்திக்கற்பாலது.

நான்காவது, உரிமை. 2009 யூலையில் அமேசன் கம்பனி, விற்றவருக்கு உரிமை இல்லை என்னும் காரணத்தால், ஜோர்ஜ் ஓர்வெல் எழுதிய நாவல்கள் இரண்டின் சில பதிப்புகளை வாசகர்தம் கிண்டில் கருவிகளிலிருந்தே நீக்கியது. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பின்னர் மன்னிப்பும் கேட்கப்பட்டது. எனினும், வாங்கிய நூலை வீட்டு அலுமாரியிலிருந்து வந்து எடுத்துச்செல்லும் புத்தகக் கடைக்காரர் எவரையும் நாம் கண்டதில்லை. கணக்கு உரியவரின் இறப்போடு பூட்டப்படுதலும் இவ்விடரின் பாற்பட்டதே. தந்தையின் பெட்டகத்தைத் திறக்கச் சாவி இல்லையாயின் கொல்லனை அழைக்கலாம். மேகத்தின் பூட்டுக்குக் கொல்லன் இலன். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனியாள் கணக்குகளை அழிக்கும் விதியைக் கூகிள் 2023 இல் அறிவித்து, அவ்வாண்டு டிசெம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. இறந்தவர் எவரும் தம் கணக்கைத் திறந்து பார்ப்பதில்லை என்பதை இங்கு நினைத்தல் வேண்டும்.

சொந்தப் பொருளின் இடர்கள்

இவற்றைக் கேட்டோர், யாவற்றையும் வீட்டிலேயே வைப்போம் என முடிவு செய்வாராயின், அதுவும் பிழையாம். எம் நெகிழ்தட்டுகளின் கதை அதற்குச் சான்று. வன்தட்டு சுழலும் பொறி. தேயும், விழுந்தாற் பழுதாகும். பென் டிரைவ் சட்டைப்பையிற் காணாமற்போகும். இறுவட்டு நம் வெம்மையிலும் ஈரத்திலும் காலப்போக்கிற் கெடும்.

தட்டு நின்றாலும் அதனை வாசிக்கும் மென்பொருள் நில்லாதொழியலாம். மலர்களைக் கோத்தற்கு ஒருகாலத்தில் எங்கும் பயன்பட்ட 'பேஜ்மேக்கர்' 1985 இல் தோன்றியது. 2004 இல் அதன் வளர்ச்சி நிறுத்தப்பட்டது. தமிழுக்கு யூனிக்கோட்டில் 1991 ஆம் ஆண்டிலேயே இடம் வகுக்கப்பட்டிருந்தும், நாம் பல்லாண்டுகள் பாமினி முதலிய எழுத்துருக்களிலேயே எழுதிவந்தோம். அதன் பயனை இன்று அனுபவிக்கின்றோம். விண்டோஸ் 10 இற்கு வழங்கப்பட்ட பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் நாளோடு முடிவுற்றது. நன்கு இயங்கும் பழைய கணினிகள் பல அடுத்த பதிப்பை ஏற்கமாட்டா. சொந்தப் பொருளும் ஓரளவுக்குப் பிறர் கையிலேயே உளது என்பது இதனால் விளங்கும்.

அன்றியும், ஓரிடத்தில் மட்டும் வைத்தலின் கேட்டை நம்மைப்போல அறிந்தோர் இலர். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. பிறிதோரிடத்திற் படி இருந்தவற்றை மீண்டும் பெற்றோம். ஒரே படியாக இருந்தவற்றை என்றென்றைக்குமாக இழந்தோம்.

தெரிவு செய்யும் முறை

ஆகவே, கணினியா மேகமா என வினாவுதல் பொருத்தமற்றது. இழந்தால் மீண்டும் ஆக்க இயலாதது எது, அதன் படி எத்தனை இடங்களில் எவர் எவர் கையில் உளது என்று வினாவுதலே பொருத்தமாம். விலைக்கு மீண்டும் பெறத்தக்க மென்பொருளையும் திரைப்படத்தையும் பாட்டையும் மேகத்தில் வாடகைக்குப் பெறுதலால் பெருங்கேடில்லை. தாயின் குரலும், பிள்ளையின் முதற் படமும், காணி உறுதியின் படியும், சங்கத்தின் கூட்டறிக்கையும் அத்தகையன அல்ல. இவற்றைப் பேணுதற்கு ஐந்து விதிகளைக் கூறுவாம்.

ஒன்று: மூன்று படிகள் வைத்தல் வேண்டும்; அவற்றை இருவகைச் சாதனங்களில் வைத்தல் வேண்டும்; ஒன்றேனும் வேறு ஊரில் இருத்தல் வேண்டும். கணினியில் ஒன்று, தனியே கழற்றி வைத்த வன்தட்டில் ஒன்று, மேகத்தில் ஒன்று என அமைத்தல் எவர்க்கும் எளிது. கழற்றி வைத்தல் என்றதனைக் கவனித்தல் நன்று. எப்போதும் இணைந்திருக்கும் தட்டைத் தீநிரலும் எட்டிவிடும்.

இரண்டு: திறந்த வடிவங்களில் எழுதுதல் வேண்டும். தமிழை யூனிக்கோட்டில் எழுதுக. முடிந்த ஆவணங்களை, நீண்டகாலப் பாதுகாப்புக்கென 2005 இல் அனைத்துலக நியமமாக்கப்பட்ட பீ.டி.எவ்./ஏ வடிவிற் சேமிக்க. எழுதுவதற்கு லிபர்ஒபிஸ் போன்ற இலவசத் திறந்த மென்பொருட்கள் உள. புதிய விண்டோஸை ஏற்காத பழைய கணினிகளிற் பல லினக்ஸை ஏற்று மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். பாடசாலைகள் இதனை மனங்கொள்ளுதல் நன்று.

மூன்று: சங்கத்தின் பொருளைத் தனியொருவர் கணக்கில் வைத்தல் ஆகாது. சங்கத்தின் பெயரிற் கணக்குத் திறந்து, இருவரேனும் அதனை ஆளும் உரிமை பெற்றிருத்தல் வேண்டும். வங்கிக் கணக்குக்கு இருவர் கையொப்பம் கேட்கும் நாம், நினைவுகளின் கணக்குக்கு ஏன் அதனைக் கேளாதிருந்தோம் என்பது விளங்கவில்லை. பதவி கைமாறும் கூட்டத்திற் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு கடவுச்சொல்லும் கைமாறுக.

நான்கு: ஒவ்வொருவரும் தம் கணக்குக்கு வழித்தோன்றலை நியமித்தல் வேண்டும். செயலற்ற கணக்கை எவரிடம் ஒப்படைப்பது என முன்னரே குறித்துவைக்கும் வசதியைக் கூகிள் 2013 முதலும், அத்தகைய வசதியை அப்பிள் 2021 இறுதி முதலும் அளித்து வருகின்றன. அதனைச் செய்து முடிக்கப் பத்து நிமிடம் போதும். அதுவும் இயலாதார், கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டுக் காணி உறுதியோடு வைப்பாராக.

ஐந்து: பொதுவுக்கு உரியதைப் பொதுவுக்கே கொடுத்தல் வேண்டும். ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் எண்ணிம வடிவிற் பேணும் 'நூலகம்' 2005 முதல் இயங்கி வருகின்றது. பாடசாலை மலர்கள் பலவும் அங்கு உள. அத்தகைய இடத்திற் சேர்த்த படி நம் வீட்டில் நேரும் விபத்தால் அழியாது.

முடிவுரை

நம் முன்னோர் ஓலைச்சுவடிகளைப் படியெடுத்து வைத்தனர். ஓலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் நில்லாது என்பதை அறிந்து, கெடுமுன் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதினர். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, எங்கோ ஒருவர் இல்லத்தில் எஞ்சியிருந்த படிகளே அவருக்கு உதவின. நூல் நிலைத்ததற்குக் காரணம் ஓலையின் உறுதியன்று, படியெடுத்தோரின் கருத்தே. கணினிக்கும் மேகத்துக்கும் இதுவே விதி.

காலஞ்சென்ற செயலாளர் அவர்களின் தொகுப்பை எம்மால் மீட்க இயலவில்லை. எனினும் பல நாடுகளிலுமுள்ள பழைய மாணவர்க்கு எழுதி, அவர்தம் கைத்தொலைபேசிகளில் எஞ்சியிருந்த படங்களைப் பெற்று, ஒரு பகுதியை ஒருவாறு நிறைவாக்கினோம். இம்மலரில் இடம்பெறும் அண்மைக்காலப் படங்கள் யாவும் அவ்வாறு கிடைத்தனவே. அவற்றுட் சிலவற்றைச் செயலாளர் அவர்களே எடுத்து நண்பர்க்கு அனுப்பியிருந்தார் என்பதை அவர்தம் துணைவியாரிடம் தெரிவித்தபோது, அவர் பெரிதும் ஆறுதலடைந்தார். படங்களின் படிகளை ஒரு தட்டிலிட்டு அவரிடமும் கொடுத்துள்ளோம்.

இம்மலர் தாளிலும் அச்சாகின்றது. எண்ணிமப் படியாகவும் சங்கத்தின் பெயரிலமைந்த கணக்கிற் சேர்கின்றது. கல்லூரி நூலகத்தில் ஒரு வன்தட்டிலும் வைக்கப்படுகின்றது. அடுத்த யூபிலி மலரைத் தொகுக்கப்போகும் இளையோர், இன்று கல்லூரியின் கீழ்வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் எம்மைப்போலத் தேடி அலையாதிருக்க, அன்பர் ஒவ்வொருவரும் இன்றே தம் கணினியையும் கணக்கையும் திறந்து, இழக்கலாகாதவற்றுக்கு இன்னொரு படி எடுத்து வைப்பாராக. திருவருள் துணைநிற்பதாக.